மறையாக்க இணைப்புகளில் தரவுச் சுருக்கத்தை நிறுத்துதல்: நீளவழிக் கசிவு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சாரம்

மறையாக்கம் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கிறது; அதன் நீளத்தை மறைப்பதில்லை. தரவுச் சுருக்கமோ உள்ளடக்கத்தின் இயல்பை நீளமாக மாற்றித் தருகிறது. இவ்விரண்டும் ஒரே இணைப்பில் கூடும்போது இரகசியம் நீளத்தின் வழியே கசிகின்றது. 2012 முதல் வெளிப்பட்ட கிரைம், பிரீச், வோரகிள் ஆகிய தாக்குதல்களைக் கொண்டு இக்கசிவு நிகழும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சுருக்கத்தை எவ்வடுக்கில் முற்றாக நிறுத்துவது, எவ்வடுக்கில் தேர்ந்து நிறுத்துவது என்பதும், தமிழ்ப் பக்கங்களுக்கு அதனால் நேரும் இழப்பும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறையாக்கம், தரவுச் சுருக்கம், டிஎல்எஸ், எச்டிடிபி, பக்கவழித் தாக்குதல், யூடிஎஃப்-8.

முன்னுரை

இணைய வழங்கியைப் பாதுகாப்பாக அமைப்பதற்கான வழிகாட்டிகள் பலவற்றில் ‘சுருக்கத்தை நிறுத்துக’ என்னும் வரி ஒன்று இடம்பெறுவதுண்டு. அதற்கான காரணம் பெரும்பாலும் அங்கே சொல்லப்படுவதில்லை. இதனால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. சிலர் எல்லா அடுக்குகளிலும் சுருக்கத்தை நிறுத்திவிட்டு, பக்கங்கள் மெதுவாக இறங்குவதைப் பொறுத்துக்கொள்கின்றனர். வேறு சிலர் டிஎல்எஸ் அடுக்கில் மட்டும் நிறுத்திவிட்டு, அதற்கு மேலுள்ள எச்டிடிபி அடுக்கில் அதே கசிவு தொடர்வதை அறியாதிருக்கின்றனர். பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தத்தம் மின்னூலக வழங்கிகளைத் தாமே பேணிவரும் இந்நாளில், இவ்வரிக்குப் பின்னுள்ள நியாயத்தை அறிவது கணினித் துறையினருக்கு மட்டுமே உரிய தேவை அன்று.

சுருக்கமும் மறைப்பும்: முந்தைய கருத்து

மறையாக்கத்திற்குமுன் செய்தியைச் சுருக்குவது நன்று என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. அதற்கு வலுவான அடிப்படையும் இருந்தது. கிளாட் ஷானன் 1949இல் பெல் நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்ட இரகசிய முறைமைகள் பற்றிய கட்டுரையில், மொழியில் உள்ள மிகைமையே மறையுரையை உடைப்பவருக்குப் பிடிமானம் தருகிறது என்பதைக் கணித முறையில் நிறுவினார். எழுத்துகளின் வருகை ஒரே சீராக இல்லாமல், சில மிகுந்தும் சில அருகியும் வருவதால்தான் பழைய மறைமுறைகள் உடைந்தன. மிகைமையை நீக்கினால் பிடிமானமும் குறையும். ஆகவே முதலில் சுருக்கு, பின்னர் மறை என்பது பாடநூல் அறிவுரையாயிற்று. மறைத்த பின் சுருக்க முயல்வதிலும் பயனில்லை. நல்ல மறையுரை குறிப்பின்றிச் சிதறிய எண்களைப் போன்றே காணப்படும். அதில் நீக்குவதற்கு மிகைமை எஞ்சியிராது.

இவ்வறிவுரை ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை. ஷானன் கருதிய எதிரி, மறையுரையைக் கைப்பற்றி அமர்ந்து ஆராய்பவன். இன்றைய இணைய எதிரியோ, மறைக்கப்படும் செய்திக்குள் தன் சொற்களையும் சேர்த்து அனுப்பச் செய்யும் வாய்ப்புடையவன். இவ்வேறுபாட்டை முதலில் தெளிவாக எழுதியவர் ஜான் கெல்சி. 2002இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடைபெற்ற விரைவு மறையாக்க மென்பொருள் பயிலரங்கில் அவர் அளித்த கட்டுரை, சுருக்கப்பட்ட செய்தியின் நீளமே மூலவுரையைப் பற்றிய தகவலைக் கசியவிடும் என்று காட்டியது. பத்தாண்டுகள் அக்கட்டுரை நடைமுறையில் பெரிய மாற்றம் எதையும் விளைவிக்கவில்லை. கோட்பாட்டு எச்சரிக்கைக்கும் நடைமுறைத் தாக்குதலுக்கும் இடைப்பட்ட இத்தகைய காலத்தாழ்வு கணினிப் பாதுகாப்பு வரலாற்றில் அரிதன்று.

நீளம் எவ்வளவு பேசும் என்பதற்கு உரைக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. இணையவழித் தொலைபேசி உரையாடல்களில், ஒலிக்கேற்ப அளவு மாறும் சுருக்கமுறை பயன்படும்போது, மறையாக்கப்பட்ட பொதிகளின் நீளத்தை மட்டும் கொண்டு பேசப்படும் மொழி எது என்று ஊகிக்க முடியும் என 2007இல் சார்லஸ் ரைட்டும் உடனாய்வாளர்களும் காட்டினர். 21 மொழிகளுள் சரியானதை 66 விழுக்காடு அளவுக்கு அவர்தம் முறை இனங்கண்டது. அங்கே எதிரி எதையும் உட்செலுத்தவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவே.

‘மேற்படி’க் குறியும் நீளமும்

இணையத்தில் மிகுதியாக வழங்கும் டிஃப்ளேட் என்னும் சுருக்கமுறை இரு கூறுகளை உடையது. ஒன்று, 1977இல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் ஆகியோர் வகுத்த மீள்குறிப்பு முறை. மற்றொன்று, 1952இல் டேவிட் ஹஃப்மன் வகுத்த, அடிக்கடி வரும் குறிக்குக் குறைந்த பிட்டுகளை வழங்கும் முறை. முன்னதைத் தமிழ் ஆவண மரபைக் கொண்டு எளிதில் விளக்கலாம். பழைய பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் முன்னர்ச் சொன்ன பெயரையோ நிலத்தையோ மீண்டும் முழுதாக எழுதாமல் ‘மேற்படி’ என்று எழுதுவர். அதற்கென்றே ௸ என்னும் குறியும் உண்டு. டிஃப்ளேட் செய்வதும் அதுவே. ஒரு தொடர் முன்னரே வந்திருந்தால், ‘இத்தனை பைட்டுகள் பின்னே சென்று இத்தனை பைட்டுகளை எடுத்துக்கொள்க’ என்ற குறிப்பை மட்டும் எழுதும். பின்னோக்கிச் செல்லும் எல்லை 32,768 பைட்டுகள். ஒரு குறிப்பு எடுத்துக்கொள்ளக்கூடிய நீளம் 3 முதல் 258 பைட்டுகள்.

கசிவு இங்கேதான் தோன்றுகிறது. ஒரு செய்தியில் ‘கடவுக்குறி=7305’ என்னும் இரகசியம் இருப்பதாகக் கொள்வோம். அதே செய்திக்குள் எதிரி தன் விருப்பப்படி ஒரு தொடரைச் சேர்க்க முடியுமாயின், ‘கடவுக்குறி=0’, ‘கடவுக்குறி=1’ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்புவான். முதல் ஆறு ஊகங்களிலும் (0 முதல் 5 வரை) சமக்குறி வரையிலான பகுதி மட்டுமே மேற்படியாகும். இறுதி எண்ணைத் தனியே எழுத வேண்டியிருக்கும். ஏழாம் ஊகமான 6இலும் நிலைமை அதுவே. ‘கடவுக்குறி=7’ என்னும்போது அவ்வெண்ணும் மேற்படிக்குள் அடங்கிவிடும்; செய்தி சற்றே குறுகும். மறையாக்கம் இக்குறுக்கத்தை மறைப்பதில்லை. முதல் எண் கிடைத்தபின் ‘கடவுக்குறி=70’, ‘கடவுக்குறி=71’ என்று அடுத்த இடத்திற்கு நகரலாம்.

இம்முறையின் வலிமை எண்ணிக்கையில் உள்ளது. நான்கு இலக்கங்களை மொத்தமாக ஊகிக்க 10,000 முயற்சிகள் வரை தேவை. இலக்கம் இலக்கமாக ஊகிக்க 40 போதும். பதினாறு குறிகளுள் ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் கொண்ட 32 இடத்து அமர்வுக்குறியை எடுத்துக்கொண்டால், மொத்த வாய்ப்புகள் 2இன் 128ஆம் அடுக்கு; எந்தக் கணினியாலும் அதை முயன்று முடிக்க இயலாது. இடம் இடமாகச் சென்றால் 512 ஊகங்களில் வேலை முடிந்துவிடும். மறையாக்கச் சாவி சிறிதும் உடைபடாமல், அச்சாவி காக்கும் பொருள் மட்டும் வெளியேறிவிடுகிறது.

நடைமுறையில் இரு தடைகள் உண்டு. ஹஃப்மன் முறை எழுத்துகளின் வருகைக்கேற்ப நீளத்தை மாற்றுவதால், தவறான ஊகமும் சில நேரங்களில் குறுகித் தோன்றும். ஒரே எழுத்துகளை வெவ்வேறு வரிசையில் அமைத்து இருமுறை அனுப்பி, இரண்டுக்குமான வேறுபாட்டை மட்டும் நோக்கினால் இத்தடை பெரிதும் நீங்கும். அடுத்ததாக, 16 பைட்டுத் தொகுதிகளாக மறைக்கும் முறைகளில் ஒரு பைட்டுக் குறைவு வெளியே தெரியாது. தொகுதியின் விளிம்பைத் தொடும்வரை எதிரி தன் பங்கிற்குச் சில எழுத்துகளைக் கூட்டிக்கொண்டால் அதுவும் தெரிந்துவிடும். ஆகவே மறைமுறையை மாற்றுவது இதற்குத் தீர்வன்று.

கிரைம் தாக்குதலும் டிஎல்எஸ் அடுக்கும்

டிஎல்எஸ் நெறிமுறையில் டிஃப்ளேட் சுருக்கத்தைப் பயன்படுத்தும் முறையை 2004ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3749 வரையறுத்தது. 2012 செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸ் நகரில் நடைபெற்ற எகோபார்ட்டி மாநாட்டில், ஜூலியானோ ரிஸ்ஸோ, தாய் டுவோங் ஆகிய இருவரும் அதனை உடைத்துக் காட்டினர். முந்தைய ஆண்டில் பீஸ்ட் என்னும் தாக்குதலை வெளியிட்டவர்களும் இவர்களே. கிரைம் என்று பெயரிடப்பட்ட இத்தாக்குதலில், எதிரியின் பக்கத்தைத் திறந்த உலாவி, பயனர் அறியாமலே வேறொரு தளத்திற்குக் கோரிக்கைகளை அனுப்பும். கோரிக்கையின் முகவரிப் பகுதி எதிரியின் விருப்பம். அமர்வைக் காக்கும் குக்கியை உலாவி தானாகவே இணைத்துவிடும். இரண்டும் ஒரே சுருக்கச் சூழலில் சேர்ந்து, மறைக்கப்பட்டு, இணைப்பில் செல்லும். இடையில் இருப்பவன் நீளத்தை அளப்பான்.

தீர்வாக டிஎல்எஸ் அடுக்கின் சுருக்கம் நிறுத்தப்பட்டது. உலாவிகள் அதனைக் கைவிட்டன. அப்பாச்சி வழங்கியின் 2.4.3 பதிப்பில் இயல்பாகவே இயங்கிய சுருக்கம் 2.4.4 முதல் இயல்பாகவே நின்றது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகமும் 1.1.0 பதிப்பு முதல் அதனை இயல்பு நிலையில் விலக்கியது. 2015இன் ஆர்எஃப்சி 7525 இதனைப் பொதுப் பரிந்துரையாக்கிற்று. 2018 ஆகஸ்டில் வெளியான டிஎல்எஸ் 1.3 ஒரு படி மேலே சென்றது. தொடக்கச் செய்தியில் சுருக்கமுறைகளுக்கான புலம் பெயரளவில் எஞ்சியுள்ளது. அதில் சுழியம் என்னும் ஒரே ஒரு பைட்டுத்தான் இருக்கலாம். வேறெது இருந்தாலும் வழங்கி இணைப்பை முறித்துவிட வேண்டும்.

இம்முற்றான விலக்கு நியாயமானதே. டிஎல்எஸ் அடுக்கு தன் வழியே செல்லும் பைட்டுகளின் பொருளை அறியாது. எது குக்கி, எது எதிரி எழுதிய முகவரி, எது வெறும் படம் என்று அதனால் பிரித்தறிய இயலாது. பொருளறியாத அடுக்கு எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் எழுதி மேற்படிக் குறி இடுமானால், கசிவைத் தடுக்கும் வழி அதனிடம் இல்லை.

பொருளறிந்த அடுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு எச்டிடிபி/2 ஓர் எடுத்துக்காட்டு. அதற்கு முன்னோடியாகிய கூகுளின் ஸ்பீடி நெறிமுறையும் தலைப்பகுதிகளைச் சுருக்க டிஃப்ளேட்டையே பயன்படுத்தி, கிரைம் தாக்குதலுக்கு இலக்காயிற்று. 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7541ஆக வந்த எச்பேக், மீள்குறிப்பைக் கைவிடவில்லை. அதன் அலகை மாற்றியது. ஒரு தலைப்பின் மதிப்பு முழுவதும் முன்வந்ததோடு ஒத்தால் மட்டுமே அட்டவணைக் குறிப்பு பயன்படும். பாதி ஒத்தால் பயனில்லை. ஆகவே இடம் இடமாக ஊகிக்கும் வாய்ப்பு அடைபட்டது. ஹஃப்மன் அட்டவணையும் உள்ளடக்கத்திற்கேற்ப மாறாமல் நிலையாக வைக்கப்பட்டது. குறிப்பிட்ட மதிப்பை எப்போதும் அட்டவணையில் ஏற்றாதே என்று அறிவிக்கும் குறியும் அதில் உண்டு.

மேலடுக்கில் தொடரும் கசிவு

கிரைமுக்கு மருந்திட்ட மறு ஆண்டே, 2013 ஆகஸ்டில், லாஸ் வேகாஸில் நடைபெற்ற பிளாக் ஹேட் மாநாட்டில் ஏஞ்செலோ பிராடோ, நீல் ஹாரிஸ், யோயல் க்ளுக் ஆகியோர் பிரீச் தாக்குதலை வெளியிட்டனர். இது கோரிக்கையை விடுத்து மறுமொழியைக் குறிவைத்தது. பக்கத்தின் உடற்பகுதியைச் சுருக்கி அனுப்புவது எச்டிடிபியின் வேலை. டிஎல்எஸ் சுருக்கம் நிறுத்தப்பட்டிருப்பினும் இது தொடர்ந்து நடைபெறும். தேடற்சொல் போன்ற பயனர் உள்ளீட்டை மறுமொழியில் எதிரொலிக்கும் பக்கம், அதே பக்கத்தில் ஏதேனும் ஓர் இரகசியத்தையும் கொண்டிருக்குமானால், முன்னர்ச் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். அதே ஆண்டின் மார்ச்சில் டால் பீரி, அமிகாய் ஷுல்மன் ஆகியோர் வெளியிட்ட டைம், 2016இல் மேத்தி வான்ஹூஃப், டாம் வான் கூதம் ஆகியோர் வெளியிட்ட ஹைஸ்ட் ஆகியவை, இணைப்பின் இடையில் நின்று நீளத்தை அளக்கும் தேவையையும் நீக்கின. மறுமொழி வந்துசேரும் நேரத்தை உலாவிக்குள்ளிருந்தே அளந்து நீளத்தை அறிந்தன.

இதற்கு முன்வைக்கப்பட்ட தீர்வுகளுள் மறுமொழியின் நீளத்தில் தற்போக்கான சில பைட்டுகளைச் சேர்ப்பது பலரையும் கவர்ந்தது. ஜாங்கோ கட்டமைப்பு 4.2 பதிப்பில், ஜிசிப் சுருக்கத்தோடு 100 பைட்டுகள் வரை இவ்வாறு சேர்க்கும் வசதியைத் தந்துள்ளது. இதன் பயனை மிகைப்படுத்தலாகாது. 0 முதல் 99 வரை சமவாய்ப்புடன் கூட்டப்படுவதாகக் கொண்டால், சராசரியைக் கொண்டு ஒரு பைட்டு வேறுபாட்டை அறிய எதிரிக்கு ஓர் ஊகத்திற்கு ஏறத்தாழ 3,300 அளவீடுகள் தேவைப்படும். சராசரியை விடுத்து மிகக் குறுகிய நீளத்தை மட்டும் நோக்கினால் எண்ணிக்கை இன்னும் வீழ்கிறது: 300 முறை அனுப்பினால் கூட்டல் சுழியமாக அமைந்த மறுமொழி ஒன்றேனும் கிடைக்கும் வாய்ப்பு 95 விழுக்காடு. எனவே இவ்வழி எதிரியைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. கோரிக்கைகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழங்கியில் அத்தாமதம் பயன்படும் என்பது உண்மையே.

இரகசியத்தையே நிலையில்லாததாக்குவது இதனினும் உறுதியான வழி. ஒவ்வொரு மறுமொழிக்கும் புதிய தற்போக்கு எண்ணொன்றை எடுத்து, இரகசியத்தை அதனோடு கலந்து, கலவையையும் அவ்வெண்ணையும் சேர்த்து அனுப்பினால், பக்கத்தில் இரகசியம் ஒருமுறை வந்த வடிவில் மறுமுறை வராது. ஊகம் ஒட்டிக்கொள்ள இடமிராது. போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் அடையாளக்குறிக்கு ஜாங்கோ 1.10 முதல் இம்முறையைக் கையாள்கிறது. வேற்றுத் தளத்திலிருந்து எழும் கோரிக்கைகளோடு குக்கியை அனுப்பாதிருக்கும் கட்டுப்பாட்டைக் குரோம் உலாவி 2020 முதல் இயல்பு நிலையாக்கியதும் இத்தாக்குதலின் களத்தைச் சுருக்கியது.

ஆயினும் கலந்து மறைக்கும் வழி, இயந்திரம் மட்டுமே படிக்கும் குறிகளுக்கே ஏற்றது. மனிதர் படிக்கவேண்டிய இரகசியத்திற்கு அது உதவாது. மருத்துவக் குறிப்பில் உள்ள நோயின் பெயர், வங்கிப் பக்கத்தில் உள்ள இருப்பு, மாணவரின் மதிப்பெண் ஆகியன பக்கத்தில் தெளிவாக வந்தாக வேண்டும். பக்கம் சுருக்கப்பட்டால் அவை ஊகத்திற்கு இடங்கொடுக்கும். பாதுகாப்பு வழிகாட்டிகள் அடையாளக்குறியைப் பற்றியே பேசுவதால் இப்பகுதி கவனம் பெறாமல் போவதைச் சுட்டவேண்டியுள்ளது.

தனிப் பிணையங்களும் பிற இணைப்புகளும்

2018இல் அகமது நஃபீஸ் வெளியிட்ட வோரகிள், இதே கருத்தை மெய்நிகர் தனிப் பிணையத்திற்குப் பொருத்தியது. ஓப்பன்விபிஎன் இணைப்பில் சுருக்கம் இயங்கும்போது, பயனர் மறையாக்கமற்ற எச்டிடிபி தளமொன்றைப் பார்த்தால், அவர்தம் குக்கி சுருக்கப்பட்டுப் பின் மறைக்கப்படும். கிரைமின் நிலைமை அப்படியே மீண்டும் அமையும். எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு இத்தீங்கு இல்லை. அங்கே உள்ளடக்கம் தனிப் பிணையத்தை அடையுமுன்பே மறைந்துவிடுவதால் மீள்குறிப்புக்கு எதுவும் அகப்படாது. அக்காரணத்தாலேயே அங்கே சுருக்கத்தால் மிச்சமும் இல்லை. தீங்குள்ள இடத்தில் மட்டுமே பயன் தரும் வசதி ஒன்றைப் பேணுவது வீண் என்பதை உணர்ந்து, 2.6 பதிப்பில் அமைப்புக் கோப்பு வெளிப்படையாகக் கேட்டாலன்றிச் சுருக்கம் அனுமதிக்கப்படுவதில்லை.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 14ஆம் பதிப்பில் எஸ்எஸ்எல் சுருக்கத்தை முற்றாக நீக்கியது. ஓப்பன்எஸ்எஸ்எச் பயன்பாட்டில் சுருக்கம் இயல்பு நிலையில் இல்லை. வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். 2020 டிசம்பரில் ஆர்எஃப்சி 8879 வழியே டிஎல்எஸ்ஸுக்குள் சுருக்கம் ஓரிடத்தில் மீண்டும் வந்தது: வழங்கி தன் சான்றிதழ்த் தொடரைச் சுருக்கி அனுப்பலாம். சான்றிதழ் எவரும் காணத்தக்க பொதுப்பொருள். எதிரியின் சொல் அதில் கலப்பதில்லை. இருமுறை எழுந்த முரண்பட்ட முடிவுகள் போலத் தோன்றும் இவை ஒரே அளவுகோலின் விளைவுகளே.

தமிழ்ப் பக்கங்களுக்கு நேரும் இழப்பு

சுருக்கத்தை முற்றாக நிறுத்துக என்பது ஆங்கிலப் பக்கத்தைக் காட்டிலும் தமிழ்ப் பக்கத்திற்கு மிகுந்த இழப்பைத் தரும். காரணம் யூடிஎஃப்-8 குறிமுறையில் உள்ளது. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் அதில் மூன்று பைட்டுகளாகிறது. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியெண்களால் ஆனது. ஆகவே 15 பைட்டுகள். இம்மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே 128 முதல் 191 வரை மாறும். அதாவது 24 பிட்டுகள் அளவுள்ள இடத்தில் 7 பிட்டுத் தகவலே செல்கிறது. எழுத்துருவுக்கு ஒரு பைட்டு என்று அமைந்த திஸ்கி போன்ற பழைய குறிமுறைகளில் இவ்வீக்கம் இல்லை. யூனிகோடின் பயன்களுக்காகத் தமிழ் ஏற்றுக்கொண்ட இவ்வீக்கத்தை இணைப்பில் பெருமளவு கரைத்துவிடுவது ஜிசிப், புரோட்லி போன்ற சுருக்கமுறைகளே. அவற்றை நிறுத்தினால் நீண்ட உரைகள் மிகுந்த மின்னூலகப் பக்கங்கள் அவ்வீக்கத்தோடு முழுமையாகப் பயணிக்கும். மெதுவான கைபேசி இணைப்பில் படிப்பவரே அதன் சுமையை ஏற்பர்.

மறுபுறம், தமிழில் எழுதப்பட்டதனால் இரகசியம் காப்புப் பெறுவதும் இல்லை. தவறான தமிழ் எழுத்தை ஊகித்தாலும் முதல் இரு பைட்டுகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். சரியானதை ஊகித்தால் மூன்றாவதும் ஒக்கும். யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் ஒதுக்கப்பட்டுள்ள குறியெண்கள் 72. ஓரிடத்திற்கு அத்தனை ஊகங்கள் போதும்.

எனவே தமிழ்த் தளமொன்றைப் பேணுவோர் பக்கங்களை வகைபிரித்து நோக்குதல் வேண்டும். இலக்கிய மூலங்கள், அகராதிப் பதிவுகள், எழுத்துருக் கோப்புகள், நடைநிரல்கள் முதலிய பொதுப்பொருள்கள் எவருக்கும் ஒன்றுபோலவே செல்வன. அவற்றில் இரகசியம் இல்லை, சுருக்கியே அனுப்பலாம். உள்நுழைந்தவருக்கு மட்டும் காட்டப்படும் பக்கங்களில், உள்ளீட்டை எதிரொலிக்கும் பகுதியையும் இரகசியப் பகுதியையும் வெவ்வேறு மறுமொழிகளாகப் பிரித்தால் இரண்டையும் தனித்தனியே சுருக்கலாம். மீள்குறிப்பு ஒரு மறுமொழியின் எல்லையைக் கடந்து செல்லாது. பக்கத்தின் மேலே உள்நுழைந்தவர் பெயரையும், நடுவே தேடற்சொல்லையும், கீழே படிவத்தின் அடையாளக்குறியையும் ஒன்றாகக் காட்டும் தேடல் பக்கமே இவ்வகையில் கடினமானது. அதனைப் பிரிக்க இயலாத பழைய மென்பொருளாயின், அப்பக்கத்தின் முகவரிக்கு மட்டும் சுருக்கத்தை நிறுத்தும் விதியொன்றை வழங்கியில் எழுதலாம். அப்பாச்சியிலும் என்ஜின்எக்ஸிலும் முகவரி வாரியாக இதனை அமைக்க முடியும். தளத்தின் ஏனைய பக்கங்கள் முன்போலவே சுருங்கிச் செல்லும்.